முல்கா காட்டில் எட்டு நாட்கள்: மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடிய நாட்குறிப்பு

முதல் நாள், ஞாயிறு

பெர்த்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, பொழுது சாய்வதற்குள் கல்கூர்லி வந்து சேர்ந்தோம். வழியின் பெரும்பகுதியில் ஒரு தண்ணீர்க் குழாய் சாலையோரமாக எங்களோடு கூடவே வந்தது. இந்தப் பொன்வயலின் கதையை அந்தக் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1892இல் ஆர்தர் பெய்லியும் வில்லியம் ஃபோர்டும் கூல்கார்டியில் தங்கம் கண்டார்கள். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் பேடி ஹனான், தாமஸ் ஃபிளனகன், டேனியல் ஷே என்ற மூவர் இன்றைய கல்கூர்லி இருக்கும் இடத்தில் கண்டார்கள். செய்தி கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தபோது இங்கே பொன் இருந்தது, குடிக்க நீர் இல்லை. உப்பு ஏரிகளின் நீரைக் காய்ச்சி வடித்து விலைக்கு விற்றார்கள். தூய்மையற்ற நீரால் பரவிய டைஃபாய்டு காய்ச்சலில் மாண்டவர்களின் கல்லறைகள் இன்றும் கூல்கார்டியில் உள்ளன. பெர்த்துக்கு அருகிலுள்ள மண்டாரிங் அணையிலிருந்து எட்டு நீரேற்று நிலையங்கள் வழியாக 1903 ஜனவரியில் தண்ணீர் இங்கே வந்து சேர்ந்தது. அந்தத் திட்டத்தை வகுத்த பொறியாளர் சி. ஒய். ஓ'கானர் அதைக் காண உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே இறந்துவிட்டார்.

என்னோடு வருபவர் அண்ணன். உடன்பிறந்தவர் அல்லர், முப்பது ஆண்டுகள் இந்த மாநிலத்துச் சுரங்கங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்தாண்டுகளாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் மண்ணுக்குள் உள்ள உலோகத்தைக் காட்டும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் போய்விடுவார். இந்த முறை என்னையும் அழைத்திருக்கிறார். நான் இதற்குப் புதியவன்.

மாலையில் தாள்களையெல்லாம் மேசைமேல் பரப்பிச் சரிபார்த்தோம். இங்கே தங்கம் தேடுபவர் கையில் முதலில் இருக்க வேண்டியது 'மைனர்ஸ் ரைட்' என்னும் உரிமச் சீட்டு. அது இருந்தால் சுரங்கக் குத்தகை ஏதும் இல்லாத அரசு நிலத்தில் தேடலாம். கிடைப்பதைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். சுரங்க நிறுவனங்கள் ஆய்வு உரிமம் பெற்றிருக்கும் நிலமாக இருந்தால், சுரங்கச் சட்டத்தின் 40இ பிரிவின் கீழ் தனி அனுமதி வாங்க வேண்டும். அது மூன்று மாதங்களுக்குச் செல்லும். கைக்கருவிகளால் மட்டுமே, 2 மீட்டர் ஆழத்துக்கு மிகாமல் தோண்டலாம். சுரங்கக் குத்தகை நிலத்தில் உரியவரின் சம்மதம் இல்லாமல் கருவியை இறக்கினால் அது திருட்டு. எந்தத் துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அரசு இணைய வரைபடத்தில் பார்க்கலாம் என்றாலும், அந்த எல்லைகள் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே அண்ணன் இன்று பிற்பகல் மறுபடியும் பார்த்து, எங்கள் ஜிபிஎஸ் கருவியில் எல்லைக் கோடுகளை ஏற்றிவிட்டார். தங்கத் தேடல் என்றதும் குந்தாலியும் மண்வெட்டியும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் பாதி வேலை இந்த மேசைமேல்தான் நடக்கிறது.

இரண்டாம் நாள், திங்கள்

விடியற்காலையில் வடக்கே புறப்பட்டோம். மென்சிஸ் 130 கிலோமீட்டர்; அங்கிருந்து லியனோரா இன்னும் நூறுக்குமேல். லியனோராவை ஒட்டிய குவாலியாவில் அரை மணி நேரம் இறங்கி நடந்தோம். 'சன்ஸ் ஆஃப் குவாலியா' சுரங்கத்தின் தொடக்க கால மேலாளராக 1898இல் இருந்த இளம் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். 1963இன் இறுதியில் சுரங்கம் மூடப்பட்டதும் சில நாட்களிலேயே ஊர் காலியாகிவிட்டது. தகரக் கொட்டகைகளும் அவற்றுள் துருப்பிடித்த கட்டில்களும் இன்னும் நிற்கின்றன.

லியனோராவில் கடைசியாக டீசல் நிரப்பினோம். 150 லிட்டர் தண்ணீர், இரண்டு மாற்று டயர்கள், செயற்கைக்கோள் தொலைபேசி, ஆளுக்கொரு அவசர அபயக் கருவி ஆகியவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டோம். நாங்கள் போகும் நிலம் ஒரு கால்நடைப் பண்ணையின் குத்தகைக்குள் வருகிறது. பண்ணைக்காரரை அண்ணன் பத்து நாட்களுக்கு முன்பே அழைத்துச் சொல்லியிருந்தார். இன்றும் அழைத்து, எந்தக் கதவு வழியாக நுழைகிறோம், எந்த நாளில் வெளியேறுகிறோம் என்பதைச் சொன்னார். திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியபடியும் விட்டுப் போக வேண்டும். மாடுகள் நீர் குடிக்கும் தொட்டிக்கு 400 மீட்டருக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது.

தார்ச் சாலை முடிந்து செம்மண் தடம் தொடங்கியது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒரு காய்ந்த ஓடைக்கரையில் கூடாரம் அடித்தோம். இடத்தின் பெயரை எழுதமாட்டேன். அண்ணன் பத்தாண்டுகள் நடந்து அறிந்த நிலம் அது.

மூன்றாம் நாள், செவ்வாய்

இரவு தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் மெல்லிய பனி படிந்திருந்தது. சூரியன் ஏறியதும் இதமான வெயில் வந்தது. அதோடு ஈக்களும் வந்தன. கோடையில் இங்கே 40 பாகை செல்சியஸைத் தாண்டும் என்பதால், தேடுபவர்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் வருகிறார்கள்.

சுற்றிலும் முல்கா மரங்கள். நம் வேல மரத்தின் இனம். ஆள் உயரத்துக்குச் சற்று மேல், சாம்பல் பச்சை இலை, விறகாக எரித்தால் கல்போல் நின்று எரியும். மரங்களுக்கிடையே சிவந்த தரை, அதன்மேல் கருஞ்சிவப்பு இரும்புக்கல் சரளை, ஆங்காங்கே வெள்ளை வெளேரென்று வெங்கச்சான் கல் (குவார்ட்ஸ்). இந்த நிலத்தின் அடிப்பாறை இல்கார்ன் என்னும் பழம்பெரும் பாறைத்தளத்தைச் சேர்ந்தது. அதனுள் பட்டைபட்டையாக ஓடும் பசும்பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள் பழையவை. வெடிப்புகளின் வழியே ஏறிய வெந்நீர் வெங்கச்சானையும் பொன்னையும் அந்தப் பாறைகளில் படிய வைத்தது. பிறகு பாறை சிதைந்து, மண் அரித்துப் போக, பொன் மட்டும் தன் கனத்தால் அதிக தூரம் நகராமல் அங்கேயே தங்கிவிட்டது. நீரைவிடப் பொன் 19 மடங்கு கனமானது. சரளைக் கல் இரண்டரை மடங்குதான். ஆகவே ஒரு கட்டி கிடைத்தால், அது பிறந்த பாறை மேட்டுப் பக்கம் அருகிலேயே இருந்திருக்கும் என்று கொள்ளலாம். அண்ணன் இன்று காலை முழுவதும் கருவியைத் தொடவிடவில்லை. என்னை நடக்க வைத்து, வெங்கச்சான் சிதறல் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சரிகிறது, இரும்புக்கல்லின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்க்கச் சொன்னார். இரண்டு வகைப் பாறைகள் ஒன்றையொன்று தொடும் இடம்தான் அவர் தேடும் இடம்.

பிற்பகலில் கருவி கைக்கு வந்தது. எங்களிடம் இருப்பவை ஆஸ்திரேலியாவிலேயே உருவான மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000 டிடெக்டர்கள். அடியில் உள்ள தேடுசுருள் என்னும் கம்பிச்சுருளின் வழியே மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பும் அடங்கிய மறுகணம் நிலத்தைக் கேட்பதுதான் இந்தக் கருவியின் வேலை. காந்தப்புலம் சட்டென்று அறுபடும்போது மண்ணுக்குள் உள்ள உலோகத்தில் ஒரு சுழல் மின்னோட்டம் எழுந்து, சிறிது நேரம் நீடித்துத் தேய்கிறது. அந்தத் தேய்வைத்தான் சுருள் பிடிக்கிறது. பழைய வகைக் கருவிகள் இந்தப் பொன்வயல்களில் திணறியதற்குக் காரணம், இரும்புச் சத்து மிகுந்த இந்தச் செம்மண்ணே ஓயாமல் குரல் கொடுப்பதுதான். புரூஸ் கேண்டி என்ற இயற்பியலாளர் வடிவமைத்து 1995இல் வெளிவந்த எஸ்டி 2000 அந்தக் கூச்சலை வெகுவாக அடக்கியது. எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று கைவிட்ட இடங்களிலிருந்து மறுபடியும் பொன் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சுருளைத் தரைக்குமேல் ஏற்றி இறக்கி, மண்ணின் குரல் மறையும்வரை கருவியைச் சமன் செய்ய வேண்டும். பிறகு ஹெட்போனில் எஞ்சுவது ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டுமே. அந்த ரீங்காரத்தில் ஏற்படும் அசைவைக் கேட்பதுதான் தேடல். சிறு கட்டியானால் ஓசை உயர்ந்து தாழும். பெரிதாகவும் ஆழத்திலும் இருந்தால் தாழ்ந்து உயரும். சுருளைத் தரையை ஒட்டி, ஒரு வீச்சுக்கு மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொண்டு, முந்தைய வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நான் கடந்த தூரம் ஐம்பது மீட்டர் இருக்கலாம். அப்போதும் அண்ணன், "வேகமாப் போற தம்பி," என்றார்.

இன்று தோண்டியவை: ஆணிகள் 11, கம்பித் துண்டுகள் 4, ஒரு துப்பாக்கித் தோட்டா.

நான்காம் நாள், புதன்

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, எழுந்திரு," என்று அண்ணன் இருட்டிலேயே எழுப்பினார். வெயில் ஏறுமுன் காற்றும் இருக்காது, காதும் தெளிவாக இருக்கும்.

ஓடைக்கு மேற்கே, பழைய ஆட்கள் வேலை செய்த ஒரு சரிவுக்குப் போனோம். தரையில் வரிசை வரிசையாகச் சிறு மண்மேடுகள், அவற்றின் அருகே ஆழமில்லாத குழிகள். இவை நீரில்லாமல் பொன் பிரித்தவர்களின் தடங்கள். மண்ணைக் காயவைத்து, உடைத்து, சலித்து, காற்று வீசும்போது ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு உயரத்திலிருந்து கொட்டுவார்கள். களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்த எவருக்கும் இதை விளக்கவே வேண்டாம்: பதர் பறக்க, மணி நேராக விழும், இங்கே புழுதி பறக்க, பொன் விழுந்தது. பின்னர் துருத்தியும் சல்லடையும் கொண்ட பெட்டி வந்தது என்றாலும் முறை ஒன்றுதான். அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. வாளி நீருக்கும் விலை கொடுத்துக்கொண்டு, கோடையிலும் இந்தப் புழுதியை மூச்சாக இழுத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

அவர்களுடைய முறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. சல்லடையில் விழாத பெரிய மண்ணாங்கட்டியை உடைக்காமல் தள்ளிவிட்டால் அதற்குள் இருந்த பொன்னும் போனது. கல்லோடு ஒட்டிக் கறுத்திருந்த கட்டி கண்ணுக்குத் தப்பினால் அதுவும் போனது. ஆகவே மேடுகளின் ஓரங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

சொல்வது எளிது. அந்த ஆட்கள் பொன்னை எடுத்துக்கொண்டு இரும்பை விட்டுப் போயிருக்கிறார்கள். காலணி ஆணிகள், இறைச்சி டப்பாவின் மூடிகள், சாவி, கம்பி, குண்டூசியளவு துரு. ஒவ்வொன்றுக்கும் முழந்தாளிட்டு, குந்தாலியின் முனையால் கீறி, சுருளை மறுபடி ஓட்டி, காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் நெஞ்சு துடிக்கத் தொடங்கும். பெரும்பாலும் அது ஈயத் தோட்டாவாக முடியும். ஓசையை வைத்தே இரும்பை ஒதுக்கும் வசதி கருவியில் இருக்கிறது. அண்ணன் அதை அணைத்து வைக்கச் சொல்கிறார். ஆழத்தில் கிடக்கும் பொன்னையும், இரும்போடு கலந்து கிடக்கும் பொன்னையும் அந்த வசதி இரும்பென்றே சொல்லிவிடும் என்பது அவர் பத்தாண்டுகளில் கண்டது. இந்தத் தொழிலில் நான் கேட்ட அறிவுரைகளிலேயே கடினமானது, எல்லாவற்றையும் தோண்டு என்பதுதான். அதுதான் சரியானதும் என்று இன்று நம்புகிறேன்.

ஏனென்றால், பிற்பகல் இரண்டு மணியளவில், முப்பத்து நான்காவதோ ஐந்தாவதோ குழியில், காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. ஓசை மிக மெலிதாக இருந்தது. ரீங்காரம் ஒருமுறை மூச்சுப் பிடித்து விட்டாற்போல. நான்கு விரல் ஆழம் சுரண்டினேன். பிளாஸ்டிக் அகப்பையில் ஒரு பிடி மண் அள்ளிச் சுருளின்மேல் அசைத்தேன். ஓசை அகப்பைக்குள் இருந்தது. பாதியைக் கொட்டினேன், இன்னும் இருந்தது. அதில் பாதியைக் கொட்டினேன். கடைசியில் உள்ளங்கையில் எஞ்சிய ஐந்தாறு பொடிக்கற்களை ஒவ்வொன்றாகச் சுருளின்மேல் போட்டபோது, ஒன்று மட்டும் தட்டென்று விழுந்து குரல் கொடுத்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள்.

0.3 கிராம். மூன்று குன்றிமணி எடைகூடத் தேறாது. நான் அண்ணனைக் கூப்பிட்ட குரல் ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாம். அவர் வந்து பார்த்தார். புன்னகைத்தார். "குழிய மூடிட்டு அதே இடத்துல நில்லு," என்றார்.

ஐந்தாம் நாள், வியாழன்

அதே இடத்தில் நிற்பது என்றால் என்ன என்பதை இன்று கற்றேன். நேற்றைய குழியை நடுவாக வைத்து, இருபது மீட்டர் சதுரம் அளந்தோம். இடுப்பில் ஒரு மெல்லிய சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தால், அது தரையில் கோடு போட்டுக்கொண்டே வரும். திரும்பி வரும்போது அந்தக் கோட்டை ஒட்டியே நடக்கலாம், ஓர் அங்குலமும் விடுபடாது. கிழக்கு மேற்காக ஒருமுறை, பிறகு வடக்குத் தெற்காக ஒருமுறை. தரையில் நீளமாகக் கிடக்கும் கட்டி ஒரு திசையில் தப்பினாலும் மறு திசையில் அகப்படும்.

பத்து மணிக்கு ஒரு முல்கா மரத்தின் வேருக்கு அருகில் 1.1 கிராம் கிடைத்தது. இது நேற்றையதைவிடச் சொரசொரப்பானது, அதன் ஒரு முனையில் வெங்கச்சான் ஒட்டிக்கொண்டிருந்தது. நெடுந்தூரம் உருண்டு வந்திருந்தால் அந்த முனை மழுங்கியிருக்கும். ஆகவே மேட்டுப் பக்கம் போகலாம் என்று அண்ணன் முடிவு செய்தார்.

மேட்டில் சரளை கறுப்பாகவும் கனமாகவும் மாறியது. கருவி பைத்தியம் பிடித்தாற்போல் ஓசையிட்டது. காந்தத் தன்மை மிகுந்த சில கற்கள் உலோகத்தைப் போலவே குரல் கொடுக்கும். தேடுபவர்கள் அவற்றை ஹாட் ராக் என்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் அவற்றைப் பொறுக்கி ஓரமாக எறிந்தேன். ஒருகட்டத்தில் பொறுமை இழந்து, ஒரு தாழ்ந்த ஓசையை இதுவும் கல்தான் என்று கடந்து போனேன். ஏழெட்டு அடி போன பிறகு மனம் உறுத்தியது. திரும்பி வந்தேன். எல்லாத் திசையிலிருந்தும் சுருளை ஓட்டினேன். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஓசை ஒரே புள்ளியில், ஒரே வடிவில் இருந்தது. ஹாட் ராக் பெரும்பாலும் சுருளை ஓர் அங்குலம் உயர்த்தினால் மங்கிவிடும். இது மங்கவில்லை.

சரளை முடிந்து சுக்கான் கலந்த கெட்டி மண் வந்தது. குந்தாலி ஒவ்வொரு அடிக்கும் எகிறியது. ஒரு சாண் ஆழம், இன்னொரு அரைச் சாண். குழிக்குள் சுருளை வைத்தபோது ஓசை ஹெட்போனை உதறியது. கடைசிக் கைப்பிடி மண்ணை விரலால்தான் தோண்டினேன். குந்தாலி முனை பட்டுக் கட்டி வடுப்பட்டால் அழகு போய்விடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். செம்மண் பூசிய ஒரு சிறு கல் கைக்கு வந்தது, அதன் பருமனுக்குப் பொருந்தாத கனம். பொன்னின் கனத்தைக் கை முதலில் அறிகிறது, கண் பிறகுதான் அறிகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். 4.2 கிராம்; ஏறக்குறைய அரைச் சவரன். ஒரு பக்கம் உருகி வழிந்தாற்போல் வழவழப்பு, மறு பக்கம் குழிகுழியாக இரும்புக்கல் பதிந்த வடு. இதை இதற்குமுன் எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை என்ற எண்ணம் வந்தபோது எனக்குப் பேச்சு எழவில்லை. அண்ணனும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரவு நெருப்பருகே அவர் பெருங்கட்டிகளின் கதைகளைச் சொன்னார். 1869இல் விக்டோரியா மாநிலத்தின் மோலியாகுல் அருகே ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்ட 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' மண்ணுக்கு 3 சென்டிமீட்டர் கீழேதான் கிடந்தது. அதை உருக்கியபோது 70 கிலோவுக்குமேல் பொன் தேறியது. 1931இல் கூல்கார்டிக்குத் தெற்கே லார்க்கின்வில்லில் ஜிம் லார்கோம் என்ற பதின்வயதுப் பையன் தோண்டியெடுத்த 'கோல்டன் ஈகிள்' ஏறக்குறைய 35 கிலோ. டிடெக்டரால் கிடைத்தவற்றுள் பெயர் பெற்றது 1980இல் விக்டோரியாவின் கிங்கோவரில் அகப்பட்ட 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்'. அது 27 கிலோ. கேட்டுக்கொண்டிருந்தபோது என் சட்டைப்பையிலிருந்த சிறு குப்பியை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு என் 4.2 கிராமே அப்போது போதுமானதாக இருந்தது.

ஆறாம் நாள், வெள்ளி

இன்று ஒரு தவறு செய்தேன். எழுதியே ஆக வேண்டும்.

மேட்டைத் தாண்டியும் பொன் இருக்கும் என்ற ஆசையில், கண்ணைச் சுருளில் வைத்து, காதை ரீங்காரத்தில் வைத்து நடந்துகொண்டே இருந்தேன். அண்ணன் கத்திய சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டதும் நின்றேன். எனக்கு மூன்று அடி முன்னால், காய்ந்த புதருக்குப் பின்னால், சதுரமான ஒரு கறுப்பு வாய் திறந்திருந்தது. பழைய சுரங்கக் குழி. வேலி இல்லை, பலகை இல்லை. ஒரு கல்லைப் போட்டார். விழும் ஓசை வர வெகு நேரமானது. இந்தப் பகுதி முழுவதும் இப்படிப்பட்ட குழிகள் கணக்கில்லாமல் உள்ளன. அவற்றின் விளிம்பு கீழே அரித்து, மேலே ஓடுபோல் மெல்லியதாக நிற்கும். அருகே போனாலே சரியலாம். தரையில் திடீரென்று வெளிறிய பாறைத்தூள் குவியல் தெரிந்தால் அங்கே குழி இருக்கிறது என்று பொருள். நான் அந்தக் குவியலைப் பார்த்தேன். பார்த்தும் பொன்னை நினைத்து நடந்தேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. கூடாரத்துக்குத் திரும்பி, தேநீர் போட்டுக் கொடுத்து, மாலைவரை கருவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள், சனி

சதுரத்தின் எஞ்சிய பகுதியை முடித்தோம். 0.4, 0.6, 0.2 கிராம். கடைசி இரண்டும் அண்ணன் நேற்று மாலையும் இன்று காலையும் நான் நடந்த கோட்டிலேயே நடந்து எடுத்தவை. அதே கருவி, அதே சுருள், அதே மண். நான் கேட்காத ஒன்றை அவர் காது கேட்டிருக்கிறது. எப்படி என்று கேட்டேன். ரீங்காரம் உடைவதற்காகக் காத்திருக்காமல், அது வழக்கத்தைவிடச் சற்று நீளமாக இழுப்பதைக் கவனிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, அவர் புதைத்து வைத்த அதே 0.2 கிராமின்மேல் ஒரு மணி நேரம் சுருளை ஓட்டிப் பழகினேன். இருபதாவது முறையோ என்னவோ, கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டது. இந்தப் பயணத்தில் நான் எடுத்துக்கொண்டு போகும் பொருள்களில் இதை முதலில் வைக்கிறேன்.

பிற்பகலில் தெற்கே ஒரு பாறைத் திட்டுவரை நடந்தோம். அதன் குழியில் நீர் தேங்கியிருந்தது. வாய்ப்பகுதியில் ஒரு தட்டைக்கல் மூடிபோல் வைத்திருந்தது. ஆவியாகாமலும் விலங்குகள் விழாமலும் இருக்க இந்நாட்டின் முதல் மக்கள் வைத்துப் பேணும் நீர்க்குழி அது. பொன் தேடி வந்தவர்கள் இப்படிப்பட்ட நீர்நிலைகளைக் கண்டுபிடித்ததும், பல இடங்களில் தீர்த்துவிட்டதும் இந்த மண்ணின் வரலாற்றில் உள்ள பெருங்கொடுமை. பழங்குடிகளின் மரபிடங்களை 1972ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே கருவியை இறக்க எங்களுக்கு மனம் வந்திருக்காது. அந்தக் கல்லைத் தொடாமல், நிழலில்கூட உட்காராமல் திரும்பிவிட்டோம்.

எட்டாம் நாள், ஞாயிறு

மேற்கே மேகம் திரண்டிருக்கிறது. மழை பெய்தால் இந்தச் செம்மண் தடம் சேறாகிவிடும். நனைந்த தடத்தில் வண்டி ஓட்டித் தடத்தைப் பாழாக்கினால் அபராதமும் உண்டு. ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவது என்று முடிவு செய்தோம்.

கிளம்புமுன் மேட்டின் உச்சியில் கடைசியாக ஒரு மணி நேரம் தேடினேன். தாழ்ந்து உயரும் ஓசை ஒன்று அகப்பட்டது. பரந்தது, மெதுவானது, ஆழமானது. இந்த எட்டு நாட்களில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டுவிட்டுக் குந்தாலியை எடுத்தார். மாறி மாறித் தோண்டினோம். முழங்கால் ஆழம் போனதும் ஓசை கூர்மையானது. நான் மூச்சுவிடவும் அஞ்சினேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு காந்தத்தை உள்ளே விட்டேன். அது கையிலிருந்து பறித்தாற்போல் ஒட்டிக்கொண்டது. ஒரு குதிரை லாடம். நான்கு ஆணிகள் அதிலேயே இருந்தன.

லாடத்தை அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்து, மேலே சரளையைப் பரப்பினோம். பிறகு இந்த எட்டு நாட்களில் தோண்டிய குழிகளை ஒருமுறை சுற்றி வந்தோம். மூடாத குழியில் மாடோ கங்காருவோ கால் வைத்தால் எலும்பு முறியும். ஒரே ஒரு மூடாத குழியால் பண்ணைக்காரர் அடுத்து வருபவருக்கு வழிவிட மறுப்பார். இரண்டு குழிகள் சரிவர மூடாமல் இருந்தன. இரண்டும் நான் பொன் எடுத்த மகிழ்ச்சியில் அவசரமாக மூடியவை.

வண்டியின் பின்பலகையில் சிறு தராசை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தோம். ஆறு கட்டிகள், 6.8 கிராம், ஒரு சவரனுக்கு 1.2 கிராம் குறைவு. பக்கத்தில் நாங்கள் தோண்டியெடுத்த ஆணிகளும் தோட்டாக்களும் கம்பிகளும் நிறைந்த வாளி. அதை இரண்டு கைகளால் தூக்க வேண்டியிருந்தது. அண்ணன் குப்பியைத் திறந்து, நான் முதலில் கண்ட 0.3 கிராம் துணுக்கை என் உள்ளங்கையில் போட்டார். மற்றவற்றைப் பாதியாகப் பிரித்தார்.

கதவை மூடிவிட்டு, பண்ணைக்காரருக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் வெளியேறிவிட்டோம் என்று சொன்னபோது மணி மூன்று. அந்தி நேரத்தில் கங்காருகள் சாலைக்கு வரும் என்பதால் இன்று லியனோராவோடு நிறுத்திக்கொள்கிறோம். மழையின் முதல் துளிகள் கண்ணாடியில் விழத் தொடங்கியிருந்தன.